வாசலில் நின்று கேட்போர்: கோள்களின் கூட்டமைப்புக் கதைகள் குறித்து

அறிவியற் புனைகதை என்னும் இலக்கிய வகையை நம் அரபிக் கல்லூரிகள் பொருட்படுத்துவதில்லை. வீண்கற்பனை என்று அதனை ஒதுக்கிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும் நம் மாணவர் அதனைப் படிக்கின்றனர், திரையில் காண்கின்றனர். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய 'டியூன்' நாவல் 2021இலும் 2024இலும் இரு பாகத் திரைப்படமாக வந்தபோது, மஹ்தி, லிஸானுல் ஃகைப் முதலிய அரபுச் சொற்கள் அக்கதையில் ஏன் வருகின்றன என வகுப்பில் வினவினர். சொற்களுக்குப் பொருள் கூறுவது எளிது. அச்சொற்களைச் சூழ்ந்திருக்கும் அரசியல் கற்பனையை மதிப்பிட வேண்டுமாயின் அந்நூல்களைப் படித்தாக வேண்டும். அவ்வாறு படித்ததில் எழுந்த எண்ணங்களையே இங்கு முன்வைக்கிறோம்.

இவ்வகைக் கதைகளில் அடிக்கடி காணப்படுவது கோள்களின் கூட்டமைப்பு. பல உலகங்கள், அவற்றுக்கெல்லாம் பொதுவானதோர் உடன்படிக்கை, ஓர் அவை என்பது அதன் வடிவம். ஓலாஃப் ஸ்டேபிள்டன் 1937இல் எழுதிய 'ஸ்டார் மேக்கர்', 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடர், உர்சுலா லெ குவின் எழுதிய நாவல்கள் ஆகியன இக்கற்பனையை வெவ்வேறு வகையில் வளர்த்தன. அக்கூட்டமைப்பு மக்களாட்சியா பேரரசா, அதன் தலைமை யாரிடம் உள்ளது என்பனவே திறனாய்வாளர் பெரும்பாலும் எழுப்பும் வினாக்கள். நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. ஒரு புதிய உலகின் வாசலுக்குக் கூட்டமைப்பினர் எவ்வாறு வருகின்றனர்? வேண்டா என்று அவ்வுலகம் சொன்னால் என்ன செய்கின்றனர்?

உலகங்கள் பல

உலகங்கள் பல என்னும் எண்ணம் நம் மரபுக்கு அயலானது அன்று. 'ஆலம்' என்பதன் பன்மையே 'ஆலமீன்'. தொழுகைதோறும் ஓதப்படும் அல்ஃபாத்திஹா, இறைவனை உலகங்கள் அனைத்திற்கும் உரிய இரட்சகன் என்றே போற்றுகிறது. 1210இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸி தம் பெருந்தஃப்சீரில், இவ்வுலகிற்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க இறைவன் ஆற்றலுடையவன் என நிறுவுகிறார். அஷ்ஷூரா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், வானங்களிலும் பூமியிலும் பரப்பப்பட்ட உயிர்களைக் குறிப்பிட்டு, நாடும்போது அவற்றை ஒன்றுசேர்க்க இறைவன் வல்லவன் என்கிறது.

பல இனத்தார் கூடிய அவையைக் கற்பனை செய்த நூலும் நம்மிடம் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் இயங்கிய இஃக்வானுஸ் ஸஃபா குழுவினரின் நிருபங்களுள் ஒன்று, மனிதர்மீது விலங்குகள் தொடுத்த வழக்கைக் கூறுகிறது. கடற்காற்றில் அலைப்புண்டு ஒரு தீவில் ஒதுங்கிய மனிதர், அங்குத் தன்னுரிமையோடு வாழ்ந்த விலங்குகளைப் பிடித்துப் பொதி சுமத்துகின்றனர். விலங்குகள் ஜின்களின் அரசனிடம் முறையிடுகின்றன. பறவை, கொடுவிலங்கு, ஊர்வன என ஒவ்வோர் இனமும் தன் பேராளரைத் தானே தெரிவு செய்து அனுப்புகிறது. மனிதரும் அல்லாத, விலங்கும் அல்லாத ஒருவன் நடுவனாக அமர்கிறான். கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 1810இல் இந்நிருபம் உருதுவுக்கு வந்தது. அழையாமல் வந்தவன்மீது அவ்விடத்தில் வாழ்வோர் தொடுத்த வழக்கு என்ற வகையில், இக்கதை நம் வினாவின் தொடக்கமாக அமைகிறது.

ஏழு வானத்து வாசல்கள்

நெல்லைச் சீமையினருக்கு இவ்வினாவை நினைவூட்டும் நூல் வேறொன்றும் உண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள மேலப்பாளையத்தைச் சார்ந்த ஆலிப் புலவர், 1590ஆம் ஆண்டளவில் 'மிஃராஜ் மாலை' பாடினார். நூல் கோட்டாற்றில் அரங்கேறியது என்பது இலக்கிய வரலாற்று நூல்கள் தரும் செய்தி. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இஸ்லாமிய இலக்கியங்களுள் அது ஒன்று.

மிஃராஜ் புனைகதை அன்று; விண்வெளிப் பயணத்தோடு ஒப்பிட்டு மெய்ப்பிக்க வேண்டிய நிகழ்ச்சியும் அன்று. அதிலுள்ள ஓர் ஒழுங்கையே நாம் இங்குச் சுட்டுகிறோம். புஹாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வரும் ஹதீஸின்படி, ஜிப்ரீல் (அலை) ஒவ்வொரு வானத்தின் வாசலிலும் நின்று திறக்குமாறு கேட்கிறார். யார் என்று உள்ளிருந்து வினவப்படுகிறது. அவர் தம் பெயரைச் சொல்கிறார். உடன் வந்தவர் யார் என்றும், அவருக்கு அழைப்பு அனுப்பப்பட்டுள்ளதா என்றும் வினவப்படுகிறது. விடை கிடைத்தபின் நல்வரவு கூறிக் கதவு திறக்கப்படுகிறது. இறைவனின் அழைப்போடு வந்தவருக்கும், வஹீ கொணர்ந்த வானவருக்கும் ஏழு வாசல்களிலும் இதே முறைதான். முதல் வாசலில் பெற்ற அனுமதி இரண்டாம் வாசலுக்குச் செல்லவில்லை.

இந்த ஒழுங்கிற்கு ஃபிக்ஹில் 'இஸ்திஃதான்' என்று பெயர். அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் இதனைச் சட்டமாக்குகின்றன. திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்புவதே தூய்மையானது என்கின்றன. மும்முறை கேட்டும் விடை வராவிடின் திரும்பிவிட வேண்டும் என்பது நபிமொழி. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வாசலில் அவ்வாறே மும்முறை கேட்டுத் திரும்பினார். யார் என்று கேட்டால் 'நான்' என்னாது பெயரைக் கூற வேண்டும். அனுமதி விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) விளக்கியதால், உள்ளே எட்டிப் பார்த்தபின் அனுமதி கேட்பதில் பொருளில்லை. வீடு தீப்பற்றி எரிதல், திருடன் புகுதல் போன்ற இடர்களில் மட்டும் கேளாமல் நுழைவதை அறிஞர் அனுமதித்தனர்.

கழிமுகத்துக்கு வந்தோர்

ஆலிப் புலவரின் காலத்துத் தாமிரபரணிக் கழிமுகத்தில் இவ்வொழுங்கு வெறும் ஏட்டுப் பேச்சாக இருந்திருக்க இயலாது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் அங்கு வந்திறங்கின. பாண்டியர் தம் துறைமுகங்கள் சிலவற்றின் பொறுப்பைத் தகியுத்தீன் என்னும் முஸ்லிமிடம் ஒப்படைத்தனர். அவற்றுள் காயலும் ஒன்று எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அயலார் கேட்டு வந்தனர். கேட்ட இடத்தின் சட்டத்துக்குள் வாழ்ந்தனர்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபின் நிலை தலைகீழாயிற்று. அவர்கள் வழங்கிய சீட்டு இல்லாத கப்பல் பறிமுதலுக்கு உள்ளாயிற்று. அச்சீட்டின் பெயர் 'கர்த்தாஸ்'. நாம் குர்ஆனில் ஓதும் 'கிர்தாஸ்' என்ற சொல்லே அது. தாள் என்று பொருள். கடலுக்குப் புதிதாக வந்தவன், அக்கடலில் தலைமுறைகளாகச் சென்றவனுக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தந்தான். அந்நூற்றாண்டின் இறுதியில் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் மலபார்க் கரையின் துயரை அரபியில் பதிவு செய்தார். நம் ஆற்றின் வாயிலிலுள்ள புன்னைக்காயலும் அப்போது போர்த்துக்கீசியரின் தளமாக இருந்தது. மிஃராஜ் மாலைக்கும் இந்நிகழ்வுகளுக்கும் நேர்த்தொடர்பு கற்பிக்க நாம் முற்படவில்லை. ஏழு வாசலிலும் கேட்டு நுழைந்த பயணத்தைச் செவிமடுத்தோர், கேளாமல் வந்த கப்பலையும் அறிந்த கரையில் வாழ்ந்தோர் என்பதே போதும்.

கூட்டமைப்பின் முழுப்பெயர்

இந்த அளவுகோலோடு 'ஸ்டார் ட்ரெக்' தொடரை அணுகுவோம். வளர்ச்சி பெறாத உலகங்களின் வாழ்வில் தலையிடலாகாது என்ற முதன்மைக் கட்டளையே கோள்களின் ஐக்கியக் கூட்டமைப்புக்குப் பெருமை தேடித் தந்தது. அக்கட்டளை முதன்முதலாகப் பேசப்பட்டது 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு கதையில். அதே கதையில், அது இவ்விடத்திற்குப் பொருந்தாது என்று கப்பல் தலைவர் கிர்க் அதனை ஒதுக்கியும் விடுகிறார்.

அதே மாதத்தில் வந்த மற்றொரு கதையில் கூட்டமைப்பின் பெயர் முதன்முறையாக முழுமையாக ஒலிக்கிறது. எமினியார் என்னும் கோள், எக்காரணம் கொண்டும் நெருங்கலாகாது என்று குறியீட்டுச் செய்தி அனுப்புகிறது. கப்பலிலிருந்த தூதர் அதனைப் புறக்கணித்து முன்செல்ல ஆணையிடுகிறார். அவர் கூறும் காரணம், கூட்டமைப்புக்கு அப்பகுதியில் ஓர் ஒப்பந்தத் துறைமுகம் வேண்டும் என்பது. 1842இன் நான்கிங் உடன்படிக்கையால் சீனத்தின் ஐந்து துறைமுகங்கள் பீரங்கி முனையில் திறக்கப்பட்ட வரலாற்றை இச்சொல் அப்படியே சுமந்து நிற்கிறது. தன் பெயரை முழுமையாகச் சொல்லிக்கொண்ட முதல் நாளிலேயே கூட்டமைப்பு, வராதே என்ற சொல்லை மீறி வாசலுக்குள் நுழைகிறது.

கதை இதற்கு நியாயம் கற்பிக்கிறது என்பதையும் கூற வேண்டும். எமினியாரும் அண்டைக் கோளும் கணிப்பொறிக்குள்ளேயே போர் நடத்துகின்றன. அதில் இறந்தோராகக் கணக்கிடப்பட்ட மக்கள் தாமாகவே கொலைக்கூடத்துக்குச் செல்கின்றனர். கிர்க் அப்பொறியை உடைத்து அமைதிக்கு வழி செய்கிறார். தீப்பற்றிய வீட்டில் கேளாமல் நுழையலாம் என்ற விலக்கு இதற்குப் பொருந்தாதா என்று வாசகர் கேட்கலாம். பொருந்தாது என்பதே நம் கருத்து. தூதர் தீயைக் கண்டு ஓடி வந்தவர் அல்லர். உள்ளே தீ எரிவதே அவருக்குத் தெரியாது. அவர் துறைமுகத்துக்காக வந்தார். தீ நுழைந்தபின் தென்பட்டது. பிற்பாடு கண்ட தீயை முன்னைய அத்துமீறலுக்குச் சான்றாகக் காட்டுவது பேரரசுகள் அனைத்தும் அறிந்த வாதம்.

பார்வையைப் பற்றிய விதியும் இங்கு உதவுகிறது. 1989இல் வந்த ஒரு கதையில், கூட்டமைப்பின் மானிடவியலறிஞர் பாறை போன்ற பொய்த்தோற்றத்தின் பின்னே மறைந்திருந்து மின்டாக்கா என்னும் கோளின் மக்களைக் கண்காணிக்கின்றனர். நுழையக் கூடாது, ஆனால் எட்டிப் பார்க்கலாம் என்பது அவர்தம் அறம். நம் மரபில் எட்டிப் பார்த்தலே நுழைதல். கருவி பழுதாகி மறைவு கலைந்ததும் அம்மக்கள் கப்பல் தலைவர் பிக்கார்டைக் கடவுள் என மயங்குகின்றனர். அவர் அப்பட்டத்தை மறுத்து, தாமும் இறக்கக்கூடிய மனிதரே என்று மெய்ப்பிக்கிறார். தவ்ஹீதை ஏற்றவர்க்கு அக்காட்சி உவப்பளிக்கும். ஆயினும் அம்மயக்கம் வந்ததே ஒளிந்திருந்து பார்த்ததனால்தான்.

இத்தொடர் மரபில் நாம் மிக உயர்வாக மதிப்பது 1993 முதல் 1999 வரை வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்'. நெடுங்காலம் அயலாட்சியில் நசுங்கிய பஜோர் என்னும் கோள் கூட்டமைப்பில் சேர விண்ணப்பிக்கிறது. 1996இல் வந்த கதையொன்றில், அக்கோளில் சாதிமுறை மீண்டும் தலைதூக்க, சாதிப் பாகுபாடு உள்ள உலகம் உறுப்பு வகிக்க இயலாது என்ற நிலை எழுகிறது. நம் நாட்டு வாசகருக்கு இது நெருக்கமான செய்தி. அதே ஆண்டில் வந்த மற்றொரு கதையில், அனுமதி கிடைத்த வேளையில் கூட்டமைப்பின் அலுவலரே பஜோரிடம் இப்போது சேர வேண்டா என்கிறார்; பஜோரும் காத்திருக்க முடிவு செய்கிறது. மூடிய கதவு அங்கு அவமதிப்பாகக் கொள்ளப்படவில்லை.

'டியூன்' நாவலிலோ வாசல் என்பதே இல்லை. அர்ராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளைப் பேரரசன் ஒரு குடும்பத்திடமிருந்து வாங்கி மற்றொரு குடும்பத்துக்கு வழங்குகிறான். அங்கு வாழும் ஃப்ரெமன் மக்களை எவரும் கேட்கவில்லை. நம் சொற்களெல்லாம் அக்கேட்கப்படாதோர் வாயில் வைக்கப்பட்டிருப்பதை மாணவர் கவனிக்க வேண்டும். தமிழ்த் திரையிலும் 1963இல் வந்த 'கலை அரசி' இவ்வினாவைத் தன்னையறியாமல் தொட்டது. அறிவியலில் முந்திய, கலையில் பிந்திய கோளினர் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். கேட்டிருந்தால் ஆசிரியராக வந்திருப்பவரைக் கவர்ந்து சென்றதால் கைதியாக்கினர்.

தனியே வந்த தூதர்

உர்சுலா லெ குவின் (1929–2018) 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலே நம் அளவுகோலுக்கு மிக அருகில் வருகிறது. அவர் படைத்த கூட்டமைப்பின் பெயர் 'எக்குமென்'. 83 கோள்களைக் கொண்டது. மனிதர் வாழும் நிலப்பரப்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. மானிடவியலறிஞரான தம் தந்தை க்ரோபரின் வாயிலாக அச்சொல் அவருக்குக் கிடைத்தது. அதே கிரேக்கச் சொல்லை அரபுப் புவியியலார் 'அல்மஃமூரா' என்று பெயர்த்தனர். ஏழாம் வானத்தில் இப்ராஹீம் (அலை) சாய்ந்திருக்கக் காணப்பட்ட 'அல்பைத்துல் மஃமூர்' என்னும் ஆலயத்தின் பெயரும் அவ்வேரினதே.

எக்குமென் ஒரு கோளுக்கு முதலில் ஒரே ஒரு தூதரை அனுப்புகிறது. படையின்றி வந்த ஒருவரை அஞ்ச வேண்டுவதில்லை. அவரைக் கொல்லவும் விரட்டவும் அவ்வுலகத்துக்கு இயலும். கெத்தன் என்னும் பனிக்கோளுக்கு அவ்வாறு வருபவர் கென்லி ஐ. அவர் தம் பெயரையும் தம்மை அனுப்பியோரையும் மறைக்காமல் கூறுகிறார். கலிபோர்னியப் பூர்வகுடியான யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷியின் வரலாற்றை 1961இல் நூலாக்கியவர் லெ குவினின் தாயார். கேளாமல் வந்தோரால் ஓர் இனம் அழிந்த செய்தி அறியப்பட்ட வீட்டிலிருந்து இத்தூதர் பிறந்தது தற்செயல் அன்று.

ஆயினும் இந்நாவலையும் நாம் முழுமையாக ஏற்க இயலவில்லை. கென்லிக்கு முன்பே எக்குமெனின் ஆய்வாளர் கெத்தனில் இரகசியமாகத் தங்கி, அம்மக்களின் உடற்கூறு, இல்வாழ்வு வரை குறிப்பெடுத்துச் சென்றுள்ளனர். எட்டிப் பார்த்த பின்னரே கதவு தட்டப்பட்டது. அடுத்து, கார்ஹைட் நாட்டு மன்னன் மறுத்ததும் கென்லி அதன் போட்டி நாடான ஒர்கோரெய்னின் வாசலுக்குச் செல்கிறார். 1500இல் கள்ளிக்கோட்டையில் மோதல் மூண்டபின் போர்த்துக்கீசியத் தலைவன் கப்ரால், சாமூதிரிக்குப் பகைவனான கொச்சி அரசனை நாடிச் சென்றதை அறிந்த நமக்கு இவ்வழி புதிதன்று. கென்லியின் நோக்கம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வீட்டின் மறுப்பை அண்டை வீட்டின் பகையால் ஈடுசெய்வது, திரும்பிச் செல்லல் ஆகாது.

கதவைத் திறந்தவர்

வாசலில் நின்று கேட்பவருக்கு உள்ளிருந்து விடை சொல்லும் உரிமை யாருக்கு? இஸ்திஃதானில் எளிதாகத் தோன்றும் இவ்வினா நாடுகளின் நடுவே கடினமாகிறது. கென்லியை நம்பிய ஒரே கெத்தனியர் எஸ்ட்ராவென். அவர் கார்ஹைட்டின் முதலமைச்சராக இருந்து, நாட்டுத் துரோகி எனப் பழி சுமத்தப்பட்டு விரட்டப்படுகிறார். சிறையிலிருந்து கென்லியை மீட்டுப் பனிப்பாலை கடத்திக் கொணர்ந்து, இறுதியில் எல்லையில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

இப்பகுதியைப் படித்தபோது நம் கரையின் வரலாறே நினைவில் எழுந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கொச்சிக்குத் தூது சென்று போர்த்துக்கீசியரின் காவலை நாடினர். 1535க்கும் 1537க்கும் இடையே திரளாகக் கிறித்தவம் தழுவினர். நாம் எழுதும் வரலாறுகளில் இது காட்டிக்கொடுத்தலாகவே பேசப்படுவதுண்டு. ஆனால் அவர்கள் கொச்சிக்குச் சென்றதற்குக் காரணம், முத்துக்குளிப்பில் முஸ்லிம் வணிகரோடு அவர்களுக்கு மூண்ட பூசல். வீட்டினுள் ஒருவன் மூச்சுத் திணறினால் அவன் எவருக்கும் கதவைத் திறப்பான். அவனைப் பழிக்குமுன், வீட்டை நடத்தியவர் தம் நடத்தையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். போர்த்துக்கீசியரின் கொடுமை இதனால் சிறிதும் குறையாது. நம் பங்கும் அதில் மறையாது.

எஸ்ட்ராவெனின் பழியை மன்னன் நீக்கிய பின்னரே தன் கலத்தை இறக்குவதாக கென்லி வாக்களித்திருந்தார். நண்பர் இறந்தபின் அவ்வாக்கு நிறைவேறுமுன்னரே கலம் இறங்குகிறது. அவர் எதற்காக உயிர் கொடுத்தாரோ அது வீணாகலாகாது என்பது கென்லியின் சமாதானம். கூட்டமைப்பு விரிவடைந்தது, அதற்குக் கதவு திறந்தவரின் பெயரில் பழி நின்றது. லெ குவின் இதனை மூடி மறைக்கவில்லை. தம் தூதரின் மனத்திலேயே அக்குற்றவுணர்வை வைத்து, நாவலின் இறுதியில் அவரை எஸ்ட்ராவெனின் பெற்றோர் இல்லத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். தான் படைத்த கூட்டமைப்பைத் தானே விசாரிக்கும் அந்நேர்மைக்காகவே இந்நாவலை நாம் ஏனையவற்றுக்கு மேலாக மதிக்கிறோம்.

அறிவியற் புனைகதையை நம் மாணவர் படிக்கட்டும். ஆனால் கலத்தின் வேகத்தையும் அவையின் பெருமையையும் மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. வந்தவர் பெயர் சொன்னாரா, கேட்குமுன் எட்டிப் பார்த்தாரா, மறுப்பை ஏற்றாரா, தமக்குக் கதவு திறந்தவரின் மானத்தைக் காத்தாரா என்று ஒவ்வொரு கதையிலும் தேட வேண்டும். பிறர்க்கு மார்க்கம் எடுத்துரைக்கச் செல்லும் நமக்கும் இவை பொருந்தும் வினாக்களே. அவர்களுள் எவரேனும் இவ்வகையில் எழுதத் துணிந்தால், மும்முறை கேட்டு, விடை வராமையால் ஸலாம் கூறித் திரும்பிச் செல்லும் ஒரு கலத்தின் கதையை எழுதுமாறு வேண்டுகிறோம். நாம் படித்தவற்றுள் அத்தகைய கதை ஒன்றேனும் இல்லை.